தினமும் போடும் கறுப்புக் கோட்டு: விறைப்பா, இளக்கமா?

நம் ஊரில் பெரும்பாலான ஆண்கள் கோட்டு போடுவது கல்யாண ரிசப்ஷன் அன்று மட்டும்தான். ஏசி மண்டபத்தில் மூன்று மணி நேரம், அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும். அந்தக் கோட்டை எப்படித் தைத்திருந்தாலும் யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. வக்கீல்கள் விஷயம் அப்படி இல்லை. காலையில் மாட்டினால் கோர்ட்டு கலைகிற வரைக்கும் உடம்பிலேயே இருக்கும். பங்குனி வெயிலிலும் இருக்கும், ஐப்பசி மழையிலும் இருக்கும்.

நான் பதினேழு வருஷமாக இந்தக் கறுப்புக் கோட்டோடு வாழ்கிறேன். ஒவ்வொரு வருஷமும் புதிதாக என்ரோல் ஆகி வருகிற பிள்ளைகள் "சார், கோட்டு எங்க தைக்கலாம்?" என்று கேட்பார்கள். எங்கே என்பதைவிட எப்படி என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்வேன். தோளில் பஞ்சும் மார்பில் கேன்வாஸ் என்கிற விறைப்பான உள்துணியும் வைத்து விறைப்பாகத் தைப்பதா? அதையெல்லாம் குறைத்து, சட்டை மாதிரி உடம்போடு ஒட்டிப் போகிறபடி இளக்கமாகத் தைப்பதா? அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு சின்ன விளக்கம். இங்கிலீஷ்காரர்கள் இதை ஜாக்கெட் என்பார்கள். நமக்கு ஜாக்கெட் என்றால் புடவைக்குத் தைக்கிற ரவிக்கை. அதனால் கட்டுரை முழுக்கக் கோட்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் என் முதல் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்ரோல்மென்டுக்கு நாலு நாள் முன்னால் ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கியது. முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது தோள் நிமிர்ந்து, மார்பு விரிந்து, எனக்கே ஒரு கம்பீரம் வந்த மாதிரி இருந்தது. ஒன்றரை வருஷத்தில், பத்துப் பன்னிரண்டு டிரை கிளீனிங்குக்குப் பிறகு, மார்புப் பகுதியில் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பெட்டி வைத்துத் தேய்த்தால் அடங்கும், மறுநாள் மறுபடி எழும்பும். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் கோட்டு மட்டுமே தைக்கிற பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் பிளேடை எடுத்து, கீழ் மடிப்பில் லைனிங்கை ஒரு சாண் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினார். மேல்துணியின் முதுகில் காகிதம் போல ஒரு வெள்ளைத் துணி. அதில் வரிசை வரிசையாகப் பசைப் புள்ளிகள். பாதிப் புள்ளிகள் விட்டுப்போய், துணியும் அதுவும் தனித்தனியாக நின்றன. தோளுக்குள் விரலை விட்டு ஒரு துண்டை எடுத்தார். மஞ்சள் பூத்த ஸ்பாஞ்ச், கையில் உதிர்ந்தது. "இது தச்ச கோட்டு இல்ல சார், ஒட்டின கோட்டு. இதுல நான் செய்ய ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்றைக்குப் புரிந்ததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கடைகளில் விறைப்பாக நிற்கிற கோட்டில் பெரும்பாலானவை இந்த ஒட்டுக் கோட்டுகள். சூட்டில் உருகும் பசையை வைத்து அழுத்தி ஒட்டியவை. சூடும் ஈரமும் டிரை கிளீனிங் திரவமும் மாறி மாறிப் பட்டால் பசை விடும், விட்ட இடம் கொப்பளிக்கும். இதை வைத்து விறைப்புக் கோட்டே மோசம் என்று தீர்ப்பு சொல்வது நியாயம் இல்லை. இளக்கமான கோட்டை ஒப்பிட வேண்டியது இதோடு அல்ல, முறையாகத் தைத்த விறைப்புக் கோட்டோடு.

அந்த முறையான கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது? மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே, தோளிலிருந்து கீழ் மடிப்பு வரை ஒரு கேன்வாஸ். மார்புப் பகுதியில் அதன் மேல் குதிரை முடி சேர்த்து நெய்த ஒரு துண்டு. அது குத்தாமல் இருக்க இன்னொரு மெத்தென்ற துணி. இந்த அடுக்குகளைச் சாய்வாக, நூற்றுக்கணக்கான சின்னத் தையல்களால் ஒன்றோடொன்று பிடிப்பார்கள். பாய் அதைத் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடது கை விரல்களின் மேல் கேன்வாஸை வளைத்துப் போட்டுக்கொண்டு, வளைந்த நிலையிலேயே ஊசியை ஓட்டுவார். கையை எடுத்த பிறகும் அந்த வளைவு அப்படியே நிற்கும். கோட்டுக்கு மார்பு வருவது அங்கேதான். தோளில் பஞ்சை அடுக்கி விளிம்பில் மெலிந்துபோகும் பேடு, கை தொடங்கும் இடத்தில் உள்ளே ஒரு பஞ்சுப் பட்டை. அந்தப் பட்டையால்தான் கையின் தலைப்பு சற்று மேலெழும்பி நிற்கும். இத்தனையும் பசை இல்லாமல் நூலால் நிற்பதால், பத்து வருஷம் கழித்தும் பிரித்து, உள்ளே விட்ட மார்ஜினிலிருந்து அரை அங்குலம் வெளியே எடுத்து மறுபடி தைக்கலாம். செலவுக்கும் உழைப்புக்கும் ஏற்ப பாதிக் கேன்வாஸ் வைப்பதும் உண்டு. மார்பும், காலருக்குக் கீழே முன்பக்கம் மடிந்து கிடக்கிற லேப்பலும் கேன்வாஸில் நிற்கும், இடுப்புக்குக் கீழே வெறும் ஒட்டு. மாதச் சம்பளக்காரருக்கு அது மோசமான சமரசம் இல்லை.

இளக்கமான கோட்டில் இதே அடுக்குகள் மெலியும், அல்லது மறையும். குதிரை முடித் துண்டு இருக்காது. கேன்வாஸ் மெல்லியதாக ஒன்று. தோளில் பேடு கிடையாது, இருந்தால் ஒரே ஒரு பஞ்சுத் தாள். கையைச் சட்டைக் கை மாதிரி தோள் துணிக்குக் கீழே செருகித் தைப்பார்கள். இத்தாலிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே சட்டைத் தோள்தான், ஸ்பல்லா கமிச்சா. லைனிங்கும் பாதிதான்: முன்பக்கமும் கைகளும் மட்டும், முதுகு திறந்திருக்கும்.

லண்டன் என்றால் விறைப்பு, இத்தாலியின் நேப்பிள்ஸ் என்றால் இளக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது முழுக்கச் சரியில்லை. லண்டனின் சவில் ரோ தெருக் கடைகள் பலவற்றுக்கு ராணுவச் சீருடைதான் பூர்வீகம், தோளும் இடுப்பும் செதுக்கின மாதிரி நிற்பது அந்தப் பழக்கம்தான். ஆனால் அதே லண்டனில்தான் நெதர்லாந்திலிருந்து வந்த ஃபிரடெரிக் ஷோல்ட் என்ற தையற்காரர், மார்பில் கொஞ்சம் துணியைத் தாராளமாக விட்டு, பேடைக் குறைத்து, இளக்கமான ஒரு வெட்டை உருவாக்கினார். பின்னாளில் வின்ட்சர் கோமகன் ஆன எட்டாம் எட்வர்டுக்குத் தைத்தவர் அவர். அந்த வழியில் வந்த ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட், 1906இல் தொடங்கி இன்றும் தைக்கிறார்கள். நேப்பிள்ஸில் 1930களில் ஜென்னாரோ ருபினாச்சி ஒரு கடை திறந்தார். அந்தக் கடைக்கு அவர் வைத்த பெயர் லண்டன் ஹவுஸ். லண்டன் கனவான்கள் மாதிரி உடுத்த வேண்டும் என்ற ஆசை, ஆனால் ஊர் கடலோரம், வெயில் சுடுகிற ஊர். அந்தக் கடையில் துணி வெட்டிய வின்சென்சோ அட்டோலினி பேடை எடுத்தார், லைனிங்கைக் குறைத்தார், கேன்வாஸை மெலித்தார். 1975இல் சொந்தக் கம்பெனி தொடங்கிய ஜார்ஜியோ அர்மானி அந்த இளக்கத்தை ரெடிமேட் உலகத்துக்குக் கொண்டுபோனார்.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லண்டனிலிருந்து வந்த உடுப்பு, கடலோர வெயில், கழற்றவும் முடியாத மரியாதை: நேப்பிள்ஸ்காரர்கள் பட்ட பாடு அச்சு அசல் நம் பாடு. அவர்கள் அதைத் தீர்த்த விதம் நமக்கும் பொருந்தும். இன்னொன்றும் மனதில் வருகிறது. 1950, 60களில் அமெரிக்காவில் கோடைக்கென்று லைனிங் குறைத்துத் தைத்த கட்டம் போட்ட பருத்திக் கோட்டுகளுக்கு ஏகப்பட்ட மவுசு. அந்தத் துணியின் பெயர் மெட்ராஸ். வெயிலுக்கு ஏற்ற கோட்டுத் துணியை இந்த ஊர்ப் பெயரிலேயே உலகம் அழைத்திருக்கிறது. நாம் வெயிலுக்கு ஏற்றபடி தைத்துக்கொள்வதில் தயங்க ஒன்றும் இல்லை.

சட்டம் தடுக்கிறதா என்று ஜூனியர்கள் கேட்பார்கள். தடுக்கவில்லை. 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் பார் கவுன்சில் போட்ட உடை விதியில், ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிற வெள்ளை பேண்டு, வெள்ளைக் காலர் என்று இருக்கிறது. காலர் விறைப்பாகவும் இருக்கலாம், மெத்தென்றும் இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. தோளில் எத்தனை பஞ்சு, மார்பில் என்ன கேன்வாஸ் என்று ஒரு வார்த்தை கிடையாது. சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோடைக்குக் கோட்டே கட்டாயமில்லை, கவுனும் விருப்பப்படிதான்.

இந்தக் கவுன் விஷயம்தான் முடிவையே மாற்றுகிறது. ஹைகோர்ட்டில் கோட்டுக்கு மேல் கவுன். கவுன் போட்டுவிட்டால் தோளும் கைத் தலைப்பும் யார் கண்ணுக்கும் தெரியாது. வெளியே தெரிவது பேண்டும், லேப்பலின் ஒரு கீற்றும், சட்டைக் காலரும் மட்டும். மறைந்து கிடக்கிற தோளுக்குள் ஒரு அங்குலப் பஞ்சு வைத்து அதைச் சுமப்பானேன்? அதுமட்டும் இல்லை, பேடு வைத்த தோளின் மேல் கவுனின் கொசுவமும் சேர்ந்தால் கழுத்தோரம் ஒரு குவியல் எழும்பும். ஆளே கூன் போட்ட மாதிரி தெரிவார். இளக்கமான தோளில் கவுன் படிந்து உட்காரும். கீழ்க் கோர்ட்டில் கவுன் இல்லாமல் நிற்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே கோட்டு தனியாக நின்று வேலை செய்ய வேண்டும். மணிக்கணக்காகக் குறுக்கு விசாரணை செய்கிற டிரையல் வக்கீலுக்கு, மார்பு தொய்யாமல், லேப்பல் சுருளாமல் மாலை வரை நிற்கிற ஒரு கோட்டு நிஜமாகவே பலம். எங்கள் சீனியர் கடைசி வரைக்கும் முழுக் கேன்வாஸ் கோட்டுதான் போட்டார். எழுந்து நின்றாலே ஹால் அமைதியாகும். கோட்டும் அதில் பங்கு வகித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது வெயில். பேடை எடுத்தால் குளிர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். இரண்டாவது கோட்டைப் பேடு இல்லாமல், ஆனால் முழு பாலியெஸ்டர் லைனிங்கோடு தைத்துக்கொண்டேன். வேர்வை ஒரு சொட்டும் குறையவில்லை. யோசித்தால் காரணம் எளிது. நமக்கு வேர்ப்பது முதுகிலும் அக்குளிலும். தோள் மேட்டில் அவ்வளவாக வேர்ப்பதில்லை. முதுகில் காற்றுப் புகாத பாலியெஸ்டர் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தோளில் பஞ்சு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆகவே வெயிலுக்கு முதலில் பார்க்க வேண்டியது லைனிங், அடுத்தது துணி, அதற்குப் பிறகுதான் பேடும் கேன்வாஸும். விறைப்பான கோட்டே வேண்டும் என்கிறவர்களும் முதுகைப் பாதி லைனிங்கோடு விடச் சொல்லலாம். கைக்குள் மட்டும் லைனிங் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சட்டைக் கை சுருட்டிக்கொண்டு மேலே ஏறும். அந்த லைனிங்கும் விஸ்கோஸாக இருக்கட்டும். பருத்திக்கொட்டையின் பிசிறு நாரிலிருந்து செய்கிற குப்ரோ கிடைத்தால் இன்னும் நல்லது.

துணியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. வக்கீல் கோட்டுக்கென்று கடையில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்பு. விலை குறைவு, சுருங்காது, கறுப்பு நிலைக்கும். ஆனால் தேய்க்கத் தேய்க்க முழங்கையிலும் உட்காரும் இடத்திலும் பளபளப்பு ஏறும். பருத்தியும் லினனும் குளிர்ச்சி, ஆனால் வெயில் பட்டுப் பட்டு கறுப்பு செம்பட்டையாகும், லினன் உட்கார்ந்து எழுந்தால் கசங்கும். தினக் கோட்டுக்கு நான் சொல்வது மெல்லிய கம்பளித் துணி. கம்பளி என்றதும் ஊட்டி ஸ்வெட்டர் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. நூலை இறுக்க முறுக்கி, இடைவெளி விட்டு நெய்த வெயில் கால ஊல். 1907இல் இங்கிலாந்தில் பெயர் பதிவான ஃப்ரெஸ்கோ இந்த வகைக்கு நல்ல உதாரணம். நம் இந்திய மில்களும் டிராபிகல் என்ற பெயரில் ஊல் துணி தருகிறார்கள். கம்பளி நூல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. கடையில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. துணியை ஒற்றையாக வாயருகே பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் விரலை வையுங்கள். விரலில் காற்று பட்டால் எடுங்கள். படாவிட்டால் சேல்ஸ்மேன் எதைச் சொன்னாலும் மடித்து வைத்துவிடுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 250லிருந்து 280 கிராம் எடை போதும். அதற்கும் கீழே போனால் துணி தொங்காமல் பறக்கும், இளக்கமான கோட்டுக்கு அது ஆகாது. உள்ளே தாங்க எதுவும் இல்லாததால் துணிதான் தன் எடையில் விழ வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இளக்கமான கோட்டு சுலபமான கோட்டு இல்லை. பேடும் குதிரை முடியும் இருக்கிற கோட்டில் வெட்டில் நேர்ந்த சின்னப் பிசகு மறைந்துபோகும். அவை இல்லாத கோட்டில் தோள் சரிவு கால் அங்குலம் தப்பினாலும் கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்து காட்டிக்கொடுக்கும். பேடை மட்டும் உருவிவிட்டு "சாஃப்ட்டா தச்சிருக்கேன்" என்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பஞ்சு போன தலையணை மாதிரி தொங்கும். தைக்கிறவர் கோட்டுக்குப் பழக்கப்பட்டவர் இல்லையென்றால், நல்ல கையில்லாத இளக்கத்தைவிட, சுமாரான கையில் பாதிக் கேன்வாஸ் விறைப்பே பரவாயில்லை என்பது என் அனுபவம்.

கை வீச்சையும் பார்க்க வேண்டும். இளக்கமான கோட்டு என்றால் அக்குள் வெட்டு பெரிதாக இருக்கும் என்று தோன்றும். நேர்மாறு. நல்ல இளக்கக் கோட்டில் ஆர்ம்ஹோல் சின்னதாக, அக்குளுக்கு நெருக்கமாக, உயரத்தில் இருக்கும். கையைத் தூக்கினால் கை மட்டும் போகும், கோட்டின் உடம்பு அசையாது. பெரிய ஆர்ம்ஹோல் வைத்த ரெடிமேட் கோட்டில் மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால், ஓரம் முழுக்க இடுப்புக்கு மேலே ஏறி, காலர் காதைத் தொடும். நாம் நாள் முழுக்கக் கேஸ் கட்டைத் தூக்குகிறோம், அவிழ்க்கிறோம், பக்கம் புரட்டுகிறோம், நீதிபதியிடம் நீட்டுகிறோம். விறைப்போ இளக்கமோ, ஆர்ம்ஹோல் சின்னதாக இல்லையென்றால் அந்தக் கோட்டு தின வேலைக்கு உதவாது.

என்னோடு பிராக்டீஸ் செய்கிற தோழி ஒருவர் சொன்னதை இங்கே சேர்த்தே ஆக வேண்டும். பெண் வக்கீல்களுக்குக் கிடைக்கிற கோட்டில் பெரும்பாலானவை ஆண் கோட்டின் அளவைக் குறைத்து வெட்டியவை. புடவை முந்தானையின் மடிப்பு இடது தோளில், ஒரு பின்னோடு, ஏற்கெனவே ஒரு மேடாக உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் பேடு வந்து அமர்ந்தால் இடது தோள் மட்டும் உயரும், பின் குத்தும், மாலைக்குள் முந்தானை கசங்கிவிடும். அவர் வலது தோளில் மட்டும் ஒரு பஞ்சுத் தாள் வைத்து, இடது தோளை வெறுமையாக விட்டுத் தைத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தோளும் சமம். புடவை கட்டுகிறவர்களுக்கு இளக்கமான தோளைத் தவிர வேறு யோசனை எனக்கில்லை.

உடம்புவாகு ஆளுக்கு ஆள் மாறும். தோள் ரொம்பச் சரிவாக இருக்கிறவர்களுக்கும், ஒட்டிய மார்போடு வருகிற இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்கும் கொஞ்சம் விறைப்பு உதவி செய்யும். தயங்காமல் மெல்லிய பேடு, பாதிக் கேன்வாஸ் என்று கேளுங்கள் தம்பி, அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே தோள் அகலமாகவும் நிமிர்ந்தும் இருக்கிறவர்களுக்குப் பேடு வைத்தால் கழுத்து சின்னதாகத் தெரியும். வயிறு இருக்கிறவர்கள் விறைப்பில் ஒளியலாம் என்று நினைப்பார்கள், ஆனால் கேன்வாஸ் வயிற்றின் மேல் கூடாரம் மாதிரி நிற்கும். அவர்களுக்கு எடையுள்ள துணியில் இளக்கம்தான் அழகு.

போக்குவரத்தையும் கணக்கில் எடுங்கள். காரில் பின் சீட்டுக்கு மேலே ஹேங்கரில் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு எந்தக் கோட்டும் சரி. நான் செங்கல்பட்டு வண்டியில் கடற்கரை ஸ்டேஷனுக்கு வருகிறவன். இளக்கமான கோட்டின் ஒரு தோளை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் செருகி, நீளவாக்கில் மடித்து, சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவேன். இறங்கி உதறினால் பத்து நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். முழுக் கேன்வாஸ் கோட்டை அப்படி மடித்தால் மார்பில் முறிவு விழும், அது அயர்னுக்கு அடங்காது. பைக்கில் வருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இளக்கமான கோட்டுக்கு ஒரு உண்மையான குறை உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. பையில் எதையும் வைக்க முடியாது. செல்போன், வண்டிச் சாவி, பேனா, ஸ்டாம்ப் பேடு என்று திணித்தால் ஆறு மாதத்தில் முன்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். பையை நிரப்புகிற பழக்கத்தை விட முடியாதவர்கள் முன்பக்கக் கேன்வாஸை விடாமல் வைத்துக்கொள்ளட்டும். அதேபோல, மழையில் நனைந்தால் இரவோடு இரவாகப் பழைய தோற்றத்துக்கு வருவது விறைப்புக் கோட்டுதான். இளக்கத்துக்கு நீராவி வேண்டும், அகலமான ஹேங்கர் வேண்டும், ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

செலவு? நான் இப்போது போடுகிற ஊல் கோட்டுக்குத் துணியும் தையல் கூலியும் சேர்த்து, என் முதல் ரெடிமேட் போல நாலு மடங்குக்கு மேல் ஆனது. புதிதாக வருகிற ஜூனியருக்கு அது முடியாது என்று எனக்கும் தெரியும், ஸ்டைபெண்டு என்ன வாங்குகிறார்கள் என்பதும் தெரியும். அவர்களுக்கு என் யோசனை இது: முதல் வருஷம் கலப்புத் துணியிலேயே தைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரெடிமேட் வேண்டாம். பாதி லைனிங், ஒற்றைப் பஞ்சுத் தாள், சின்ன ஆர்ம்ஹோல் என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றில் எதற்கும் பெரிய பணம் ஆகாது. கையில் காசு சேர்ந்ததும் இரண்டாவது கோட்டை நல்ல ஊலில், இதே வெட்டில் தைத்து, இரண்டையும் நாள் மாற்றி நாள் போடுங்கள். டிரை கிளீனிங்குக்கு வருஷத்தில் மூன்று நாலு முறை போதும். மற்ற நாட்களில் பிரஷ்ஷால் துடைத்துக் காற்றில் மாட்டினால் போதும்.

அப்படியானால் யாருக்கு எது? ஹைகோர்ட்டில் கவுனோடு நிற்கிறவர், ரயிலிலோ பைக்கிலோ வருகிறவர், புடவை கட்டுகிறவர், நாள் முழுக்கக் கட்டோடு அலைகிறவர்: இளக்கம். கவுன் இல்லாமல் டிரையல் நடத்துகிறவர், சரிந்த தோள்காரர், காரில் வந்து ஏசி சேம்பரில் உட்காருகிறவர்: நூலால் தைத்த விறைப்பு. ஹோட்டல் ரிசப்ஷனிலும் பேங்க் தலைமை ஆபீஸிலும் தினமும் கோட்டு போடுகிறவர்களுக்கும் இதே கணக்கு ஓரளவு பொருந்தும், அவர்களுக்கு ஏசி இருப்பதால் விறைப்பு அவ்வளவு தொந்தரவு தராது. லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கிற நம்மவர்கள் தைரியமாக 400 கிராம் துணியில் முழுக் கேன்வாஸ் தைத்துக்கொள்ளலாம். அந்தக் குளிருக்கு அது உடம்பில் போர்த்திய கதகதப்பு. ஒட்டுக் கோட்டை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் தையற்காரரிடம் போட்டுப் பார்க்கிற ட்ரையலை அவசரப்படுத்தாதீர்கள். கோர்ட்டுக்குப் போடுகிற அதே வெள்ளைச் சட்டையோடு, பேண்டைக் கட்டிக்கொண்டு, முடிந்தால் கவுனையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாயுங்கள். காலர் சட்டைக் காலரைவிட்டு விலகினால் அப்போதே சொல்லுங்கள், பிறகு சரியாகாது. சென்ற வாரம் என் புதுக் கோட்டின் ட்ரையலுக்குப் போனபோது கட்டையும் பையையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். பாய் என்னைச் சும்மா நிற்கவிட்டு பின்னாலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "பையை எந்தத் தோள்ல மாட்டுவீங்க சார்?" என்றார். இடது என்றேன். பதினேழு வருஷத்துச் சுமையில் அந்தத் தோள் கொஞ்சம் இறங்கிப்போயிருக்கிறது, எனக்கே தெரியாது. பஞ்சு உருளையிலிருந்து ஒரு தாளைப் பிரித்து, விளிம்பைக் கையாலேயே பிய்த்து மெலிதாக்கி, இடது தோளுக்குள் செருகி, வெள்ளை நூலில் நாலு தையல் போட்டார். கண்ணாடியில் காலர் நேரானது. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.